ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

புதுக்கோவில் கட்டடக் கமிட்டிக்கு என்னைச் செயலராகப் போட்டுவிட்டார்கள். நான் செய்த தவறு, கூட்டத்தில் "யாராவது அந்த ஃபேனைப் போடுங்கப்பா" என்று சொன்னதுதான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் ஃபேனைப் பற்றிப் பேசினால் அதை நிர்வாகத் திறமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஐயர் உடனே எழுந்து, "தங்கையா அண்ணாச்சிக்கு இதுல ஒரு ஆத்துமபாரம் இருக்கு" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவரவர் பாரம் இறங்கிய சந்தோஷம்.

மினிட்ஸ் புத்தகத்தில் நடந்ததை எழுத முடியாது. நடந்திருக்க வேண்டியதைத்தான் எழுத வேண்டும். ஆகவே நடந்ததை எழுத இந்த டைரி.

பழைய கோவில் இனித் தாங்காது என்பது மட்டும் உண்மை. போன மாதம் ஐயர் ஆசீர்வாதம் கூறக் கையைத் தூக்கினபோது கூரையிலிருந்து ஒரு பாளம் காரை பெயர்ந்து அவருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. "ஆண்டவருக்குக் குறி தப்பிட்டு" என்றான் பொருளாளர் கிருபாகரன். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அவனைப் பிடிக்கும்.

வீட்டில் வயலட்டிடம் விஷயத்தைச் சொன்னேன். அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பக்கூட இல்லை. சரி, இருக்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

ஆர்க்கிடெக்ட் வந்திருந்தான். சென்னைப் பையன். தாடி உண்டு. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் லேப்டாப்பில் வைத்திருந்தான்.

"ஐயர் வந்தபிறகு ஆரம்பிக்கலாம்" என்றேன். "சர்ச்சுக்கு எதுக்கு சார் ஐயர், வாஸ்து பூஜையா?" என்று கேட்டான். எங்கள் ஊர் பெத்தேல்விளையில் ஐயர் என்றால் அங்கி போட்ட போதகர், பூணூல் போட்டவர் இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

படம் காட்டினான். கோவில் வெள்ளைவெளேரென்று இருந்தது. உள்ளே நடமாடியவர்களும் வெள்ளைக்காரர்கள். ஒருத்தி கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு, ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு பலிபீடத்தை நோக்கிப் போகிறாள். கமிட்டி அரை மணி நேரம் அந்த நாயைப் பற்றிப் பேசியது. கட்டடத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஐயர், "தம்பி, அந்த அம்மாவுக்கு ஒரு சேலையும் முக்காடும் போட முடியுமா?" என்று கேட்டார்.

பிறகுதான் பார்த்தேன். அந்தப் படத்தில் நடுவில் பாதை இல்லை. பெஞ்சுகள் பிறை வடிவில் வளைந்து கிடக்கின்றன. ஆண்கள் பக்கம் எது, பெண்கள் பக்கம் எது என்று கேட்டேன். "அப்படி இல்ல சார், ஃபேமிலியா உட்காரலாம்" என்றான்.

தெற்கே ஆண்கள், வடக்கே பெண்கள் என்றுதான் இந்த ஊர் கிறிஸ்துவை அறிந்த நாள் முதல் உட்கார்ந்துவருகிறது. ஆட்சேபணை தெரிவித்தேன். மினிட்ஸில் "செயலர் பாரம்பரியத்தை நினைவூட்டினார்" என்று எழுதிக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

வயலட் என்னோடு பேசாமல் இருக்கிறாள் என்று எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வேறு யாரிடம் சொல்வது?

தை மாதம் கொல்லையில் நின்ற முருங்கையை வெட்டினேன். சுவர் விரிசல் விட்டது, வெட்டினேன். அன்றிலிருந்துதான் என்று நினைக்கிறேன். நான் ஹாலிலிருந்து கூப்பிட்டால் பதில் கிடையாது. செய்தித்தாளில் ஏதாவது வாசித்துக் காட்டினால் அது சுவருக்கு வாசித்தது போலத்தான். முன்னெல்லாம் ஒரு வாக்கியம் சொன்னால் ஒன்பது வாக்கியம் திரும்பி வரும். இப்போது "சாப்பிட வாங்க", "கரண்டு பில்லு வந்திருக்கு", அவ்வளவுதான். டிவியை மட்டும் தெருவுக்கே கேட்கும்படி வைக்கிறாள். என் வாயை அடைக்கத்தான்.

எனக்கும் ரோஷம் உண்டு. அவள் பேசினால் நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

பெண்கள் ஐக்கிய சங்கத்தினர் கமிட்டியைச் சந்திக்க வந்தார்கள். சங்கத் தலைவி யார்? என் வீட்டு அம்மாதான். அவள் கை காட்டினால் வடக்குப் பக்கம் முழுக்க எழுந்து நிற்கும்.

வந்தவள் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு மூன்று கோரிக்கை வைத்தாள். ஒன்று, பிரசங்க பீடத்தைத் தாழ்த்தி, முன்னால் கொண்டுவந்து, ஐயர் முகத்தில் விளக்கு வெளிச்சம் படும்படி வைக்க வேண்டும். "இப்ப பின்னால சன்னல் இருக்கு. அவங்க மொகம் இருட்டாத்தான் தெரியுது" என்றாள். ஐயர் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பார்க்கும்படியான முகம் ஒன்றும் இல்லை, அது அவருக்கும் தெரியும்.

இரண்டு, சுவரில் பெரிய திரை வைத்துப் பாட்டு வரிகளையும் வேத பகுதியையும் போட வேண்டும். நான் விடவில்லை. "கோவிலா, சினிமா கொட்டகையா? இடைவேளையில முறுக்கும் விக்கலாம்" என்றேன். கிருபாகரன் சிரித்தான். வயலட் என் வாயையே பார்த்தாள், சிரிக்கவில்லை.

மூன்றாவதுதான் குண்டு. குடும்பமாக உட்கார வேண்டுமாம். "கல்யாணத்தன்னைக்கு ஆண்டவர் சேத்து வைக்காரு. மறு ஞாயித்துக்கெழம வாசல்ல வச்சே நீங்க பிரிச்சு விட்டுருதிய" என்றாள். பெண்கள் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஐயரம்மா எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னாள். ஐயர் குனிந்து பேனா தேடினார்.

நான் கிழக்கு என்றால் இவள் மேற்கு. ஒரு முருங்கை மரத்துக்காகக் கோவிலையே திருப்பிக் கட்டப் பார்க்கிறாள்.

ஜூன் 16, திங்கள்

புளிக்குழம்பு. பேச்சு இல்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று காலை வயலட் தானாகவே வந்து என் எதிரில் நின்றாள். "உங்கட்ட ஒண்ணு சொல்லணும். திருநெல்வேலிக்கு டாக்டர்ட்ட போணும், கூட வாரியளா?" மூட்டு வலியாக இருக்கும். மூன்று வருஷமாக மூட்டு வலிதான். கமிட்டி இருக்கிறது என்று கோவில் பக்கம் கையைக் காட்டினேன். ஏதோ சொல்ல வந்தவள் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். பிறகு தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

கமிட்டிக்குக் கிருபாகரன் ஒரு ஆளைக் கூட்டிவந்திருந்தான். "காற்றோட்ட நிபுணர்" என்றான். நெற்றியில் விபூதியை அழித்த தடம் இருந்தது. மனையைச் சுற்றி நடந்து, கன்னி மூலை, ஈசானி மூலை என்று காற்று வருகிற வழியெல்லாம் சொன்னார். பலிபீடம் கிழக்கே இருக்கலாம் என்று அவர் சொன்னதும் கமிட்டி ஒரே குரலில் ஸ்தோத்திரம் சொன்னது. ஆனால் படத்தில் பலிபீடத்துச் சுவருக்குப் பின்னால் கக்கூஸ் இருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். இத்தனை விசுவாசிகள் பார்த்தும் கண்ணில் படவில்லை.

மினிட்ஸில்: "நிபுணரின் ஆலோசனைப்படி கழிப்பறை இடம் மாற்றப்பட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

வயலட் சாயந்தரம் திரும்பினாள். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போய்வந்த சேலையை மாற்றாமல் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனையில் ஒரு சங்கடம். மூன்றாவது சரணத்தோடு நிறுத்தச் சொல்லி ஐயர் பாட்டுக்கு நடுவிலேயே அறிவித்தார். சபை நிறுத்தியது. வயலட் மட்டும் நான்காவது சரணத்தை எடுத்துப் பாதிவரை பாடிவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து அழுத்தினபிறகுதான் நிறுத்தினாள். தெற்குப் பக்கம் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களை ஒரு முறை முறைத்தேன்.

தலைவி ஆனதில் தலைக்கனம், யாருடைய அறிவிப்பையும் மதிப்பதில்லை. அப்படித்தான் நினைத்தேன். இருந்தாலும் அவள் முகம் சிவந்து தலையைக் குனிந்தபோது நானும் என் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஜூன் 28, சனி

நாளை விட்டு அடுத்த ஞாயிறு சபைக் கூட்டம். வாக்கெடுப்பு. தெற்குப் பக்கம் வீடு வீடாகப் போய் ஆதரவு திரட்டினேன். அவரவருக்கு அவரவர் காரணம். ஒருத்தர் பிரசங்கத்தில் தூங்குவார், மனைவி பக்கத்தில் இருந்தால் இடுப்பில் கிள்ளுவாள். இன்னொருத்தர் காணிக்கைத் தட்டில் போடுவது வீட்டுக்குத் தெரியக் கூடாது. கிருபாகரனுக்கு மாமியாரும் இதே சபை. பாரம்பரியம் இத்தனை பேருடைய முதுகில்தான் நிற்கிறது.

என் காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாரும் படிக்கப் போவதில்லை. வீட்டில் பேசாதவள் கோவிலில் என் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் கல்லாகச் சமைந்து உட்கார்ந்தால் ஊர் பார்க்கும். தங்கையாவும் வயலட்டும் முகம் பார்த்துக்கொள்வதில்லை என்று அசன விருந்தில் ஆட்டுக்கறியோடு பரிமாறுவார்கள். இப்போது நடுவில் பாதை இருக்கிறது. அந்தப் பாதைதான் என் மானத்தைக் காப்பாற்றுகிறது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

ஆராதனை முடிந்து கூட்டம் ஆரம்பித்தது. படத்தைப் பலிபீடத்தின் முன் ஒரு பலகையில் குத்தி வைத்து, ஐயர் குச்சியால் தொட்டுத்தொட்டு விளக்கினார். விளக்கு வெளிச்சத்துக்கு எதிர்ப்பு இல்லை. திரையில் நான் தோற்றேன். இளவட்டங்கள் கவிழ்த்துவிட்டார்கள்.

பிறகு பெஞ்சு. ஐயர் திரும்பவே இல்லை. படத்தைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மைக்கில் கேட்டார். "பழைய முறைப்படியே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் இருக்கணும்னு பிரியப்படுகிறவங்க கை தூக்குங்க."

நான்தான் முதல் கை. தெற்குப் பக்கம் என் பின்னால் கடகடவென்று கைகள் எழும்பின. அதைப் பார்த்து வயலட் கை தூக்கினாள். அவள் தூக்கியதும் சங்கத்துப் பெண்களெல்லாம் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு, தலைவி சொன்னால் சரி என்று தூக்கிவிட்டார்கள். வடக்கும் தெற்கும் ஒன்றானது.

"அண்ணாச்சி, அண்ணி நம்ம கச்சிக்கு வந்துட்டாவ" என்று கிருபாகரன் என் தொடையில் தட்டினான்.

நான் வயலட்டைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தூக்கிய கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். தைக்கு முன்னால் பார்த்த சிரிப்பு. எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்து போயிற்று. வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன்.

ஐயர் எண்ணி முடித்து, மறுபடி படத்தின் பக்கம் திரும்பி, "கையை இறக்கலாம்" என்றார். எல்லாக் கையும் இறங்கியது. வயலட்டின் கை மட்டும் இறங்கவில்லை. ஐயரம்மா அவள் காதருகில் "அக்கா, இது அது இல்ல" என்றாள். எனக்கே கேட்டது. வயலட் என்னைப் பார்த்துச் சிரித்தபடி கையைத் தூக்கியே வைத்திருந்தாள்.

லைன் அறுந்து கிடப்பதை விட்டுவிட்டு, வீட்டுக்காரன் பல்பைக் குறை சொல்வது போலத்தான் இத்தனை மாதமும் நான் இருந்திருக்கிறேன்.

நான் எழுந்தேன். நடுப் பாதையைத் தாண்டினேன். பெண்கள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். "ஆம்பிளைக்கு இங்க என்ன சோலி?" என்று ஒரு கிழவி அதட்டினாள். நேராகப் போய் வயலட்டின் முன்னால் நின்று, அவள் என் வாயைப் பார்க்கும்படி குனிந்தேன்.

"நீ எதுக்குக் கை தூக்குன?"

"சேந்து உக்காருததுக்குத்தான்."

"இல்ல வயலட்டு. அவங்க கேட்டது தனித்தனியா உக்காருததுக்கு."

அவள் மெதுவாகக் கையை இறக்கினாள். சிரிப்பும் அதோடு இறங்கியது.

"அப்ப நீங்க எதுக்குத் தூக்குனிய?"

சன்னமாகக் கேட்பதாக நினைத்துத்தான் கேட்டிருப்பாள். கோவில் முழுக்கக் கேட்டது. ஊர் ஊராகக் கரண்டு போனபோது ஊர் ஊராகப் பதில் சொன்னவன் நான். இதற்கு ஐயரைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

"ஐயா" என்றேன், "திரும்ப எடுங்க. இந்தப் பக்கம் திரும்பி நின்னு கேளுங்க."

"செயலர் அவர்களே, வாக்கெடுப்பு முடிஞ்சிட்டு."

"முடியல. உங்க முதுகுகிட்ட யாரும் ஓட்டுப் போடல."

அப்படியே அவள் பக்கத்தில் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐயர் இந்த முறை முகத்தைக் காட்டிக்கொண்டு, வாயை அகலத் திறந்து, சேர்ந்து உட்காரப் பிரியப்படுகிறவர்கள் யார் என்று கேட்டார். நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன். அதோடு என் கையும் உயர்ந்தது. வடக்குப் பக்கம் முழுக்க எழும்பியது. தெற்கே பாதி. என் கட்சி தோற்றது. தோற்கடித்தவர்களில் நானும் ஒருவன்.

வாசலில் கிருபாகரன், "இனி எங்க மாமியாக்காரி பக்கத்துல நீரே வந்து உக்காரும்வே" என்றான்.

ஜூலை 7, திங்கள்

சன்னலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, என் முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார்ந்து, பேசினோம். ஒரு வருஷத்துக்கும் மேலாகக் காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறதாம். நரம்பு. மிஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும், முழுக்க வராது என்று டாக்டர் சொன்னாராம். "எத்தன தடவ சொல்ல வந்தேன். நீங்க தலைய ஆட்டிட்டுப் போயிருதிய. கோவமா இருக்கியன்னு விட்டுட்டேன்" என்றாள்.

முருங்கை?

"அதுல ஒரே கம்பளிப்பூச்சி. வெட்டுனது நல்லதுதான்" என்றாள்.

ஆறு மாதம் நான் தனியாகச் சண்டை போட்டிருக்கிறேன்.

சொல்லும்போது ஒரு இடத்தில் அவள் அழுதாள். பேரன் போனில் பேசுவது புரியவில்லை என்று சொன்ன இடத்தில். நானும் அழுதேன். பிறகு அவள், "வாயத் தொறந்து அழுங்க, என்ன சொல்லுதியன்னு தெரியல" என்றாள். இப்படிப்பட்டவளோடு எப்படி ஆறு மாதம் பேசாமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

ஆர்க்கிடெக்ட் போனில் வந்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பிரசங்க பீடத்துக்குப் பின்னால் சன்னல் கூடாது. வெளிச்சம் முன்னாலிருந்து முகத்தில் விழ வேண்டும். பெஞ்சுகள் பிறை வடிவிலேயே இருக்கட்டும், எங்கே உட்கார்ந்தாலும் பேசுகிறவர் வாய் தெரிகிற மாதிரி. திரை எழுத்து பெரிதாக வேண்டும். காதில் மிஷின் வைப்பவர்களுக்கு மைக் சத்தம் நேரே போய்ச் சேர ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். உண்டு, தரைக்கடியில் ஒரு வயர் சுற்று போட்டால் போதும் என்றான். வயர் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அதை நானே போடுகிறேன் என்றேன். பயந்துவிட்டான்.

"சார், நீங்கதானே இதெல்லாம் வேண்டாம்னீங்க?"

"அது பழைய செயலர் தம்பி."

ஜூலை 13, ஞாயிறு

புதுக்கோவில் எழும்ப இன்னும் எத்தனை வருஷமோ. அதுவரை என்ன செய்வது என்று ஐயரிடம் கேட்டேன். "செயலரே தொடங்கி வைங்க" என்றார். எல்லாவற்றுக்கும் என் தலைதான்.

ஆகவே இன்று பழைய கோவிலில், பெண்கள் பக்கம், முதல் பெஞ்சில், வயலட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முதுகில் சபை முழுவதன் பார்வையும் இருந்தது. மானம் போகும் என்று எதற்குப் பயந்தேனோ அது போயிற்று. போனபிறகு பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஃபேன் காற்று இந்தப் பக்கம் நன்றாக வருகிறது.

ஐயர் பாட்டு நம்பர் சொன்னதும் புத்தகத்தில் பக்கத்தை அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். சபை பாடத் தொடங்கியது. அவளுக்கு எந்த வரி போகிறது என்று பிடிபடவில்லை. கண்ணால் தேடினாள். நான் அவள் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக வாயைத் திறந்து காட்டினேன். அவள் என் உதட்டைப் பார்த்துப் பார்த்துக் கூடவே பாடினாள். ஒரு சரணம் கூடத் தவறவில்லை. கடைசிச் சரணத்தில் சபையோடு சேர்ந்து சரியாக நிறுத்தினாள்.

ஜெபத்துக்காக எல்லாரும் முழங்கால் போட்டு அமைதியானார்கள். வயலட் என் காதில் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி சொன்னாள்.

"நல்லாத்தான் பாடுதிய."

தெற்குப் பக்கம் யாரோ புரையேறி இருமினார்கள். ஐயர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாட்டின் கடைசிவரை நான் வாயை மட்டும்தான் அசைத்தேன், சத்தமே வரவில்லை.